முடிய இன்னும்

2034 பிப்ரவரி 6, திங்கள்

தவறு: மாதிரிக் குப்பியைத் தாங்கியில் வைக்காமல் விரல்களால் பிடித்துக்கொண்டு அளந்தேன்.

மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அன்றைய தவறு, பிறகு பார்த்தது, கடைசியில் மறுநாள் வேலை. தவறை முதலில் எழுதிவிட்டால் மற்றதைப் பொய்யில்லாமல் எழுத வருமாம். எனக்கு எப்போதும் தவறுதான் நீளமாகப் போய்விடுகிறது. இன்றும் அப்படித்தான்.

நான் வேலை செய்யும் ஆலை சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சேவுக் கடைகளிலும் பரோட்டாக் கடைகளிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெய் டின் டின்னாக வரும். அதோடு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாக் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் மேலே பயோடீசல் நிற்கும், கீழே கிளிசரின் இறங்கும். எண்ணெய் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்குக் கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது. டார்ச் லைட் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் குப்பிக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கிறது. திரையில் இரண்டு வரிகள். முதல் வரி 'மாறியது', சதவீதத்தில். இரண்டாவது வரி 'முடிய இன்னும்', மணிக் கணக்கில். தொண்ணூற்றாறரை சதவீதம் வந்தால் அந்த ஈடு, அதாவது ஒரு தடவை ஏற்றிய எண்ணெய், முடிந்தது என்று இறக்கிவிடலாம்.

படிக்கும்போது அது 'ட்சு ட்சு ட்சு' என்று மூன்று முறை ஒலிக்கும். அதனால் ஆலையில் எல்லாருக்கும் அது பல்லி. யாராவது ஏதாவது சொல்லும்போது அது ஒலித்துவிட்டால், "பாத்தியா, பல்லி சொல்லிருச்சு" என்பார்கள்.

சனிக்கிழமை தாங்கியின் பிளாஸ்டிக் கவ்வி உடைந்தது. இது மூன்றாவது முறை. போன தடவை உடைந்தபோது மற்ற ஷிப்டுக்காரர்கள் ஒரு மாதம் விரலால்தான் பிடித்தார்களாம். நானும் பிடித்தேன். முதல் ஈட்டுக்கு மூன்று சதவீதம் குறைவாகக் காட்டியது. அதை நம்பி நாற்பது நிமிடம் கூடுதலாகச் சூடாக்கினோம். என் விரல்தான் ஒளியின் குறுக்கே வந்திருக்கிறது என்று பிறகு தோன்றியது.

அதைச் சரிபார்க்க, மாலையில் கிளம்பும் முன், குப்பி இல்லாமல் வெறும் சுட்டுவிரலை வைத்து அழுத்தினேன். 'பிழை' என்று வரும் என்று நினைத்தேன். முதல் வரி காலியாக இருந்தது. இரண்டாவது வரியில் எண் வந்தது.

முடிய இன்னும்: 4,960 மணி.

மூன்று முறை எடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்தேன். இடது கை விரலில் எடுத்தேன். அதே எண்.

மெத்தனால் அறையைத் தாண்டிப் போகும்போது பேச்சிமுத்து அண்ணன் வழக்கம்போல் கூப்பிட்டார்.

"ஏ தாயி, சும்மா ராணி மாதிரி போற. அந்த கேஜு எத்தனை காட்டுது, சத்தமாச் சொல்லிட்டுப் போ. பல்லிக்கும் கேக்கட்டும்."

"நாலரைண்ணே."

"நாலரையா? நல்லாருப்ப."

அந்த அறையில் மெத்தனாலையும் காரத்தையும் கலந்து, கேஜில் அழுத்தம் ஏறாமல் பார்த்து அனுப்புவது அவர் வேலை. ஏழு வருடமாக அங்கேதான் இருக்கிறார். அறையின் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி, தீபாவளிக்கு மறுநாள் மோட்டார் கருகி நின்றது. இன்னும் மாற்றவில்லை.

நாளைய வேலை: காலையில் உள்ளே நுழைந்ததும் விரலை அளந்து, மாலையில் கிளம்பும்போதும் அளப்பது. எண் வெறும் கோளாறாக இருந்தால் மாறும்.

பிப்ரவரி 7, செவ்வாய்

தவறு: மாதிரி எடுக்கும் குழாயை மூடாமல் வந்துவிட்டேன். இரண்டு லிட்டர் தரையில் போயிற்று.

காலை 8.00: 4,960. மாலை 5.00: 4,952.

சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி வேலை; எட்டுக் குறைந்திருக்கிறது. நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் ஒன்றுமே குறையவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு முறை அடித்து எழுதினேன்.

பிப்ரவரி 8, புதன்

தவறு: ஒருவரிடம் பொய் சொன்னேன். விவரம் கீழே.

என் ஒருத்தியின் விரலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று, மற்றவர்களையும் அளந்தேன். "மிஷினைச் சோதிக்கணும், விரலை நீட்டுங்க" என்றேன். அதுவும் பாதிப் பொய்தான்.

வாசல் காவலாளி சங்கிலிக்கு எண்ணே வரவில்லை, ஒரு கோடு மட்டும். டின் இறக்கும் கனகவேலுக்கு 9,300. மெத்தனால் அறையிலிருந்து யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்களோ அந்த அளவுக்கு எண் பெரிதாக இருக்கிறதோ என்று சந்தேகமாக இருந்தது. சந்தேகம் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசியாக, கிளம்பும் நேரத்தில், பேச்சிமுத்து அண்ணன். அவர் விரலை நீட்டிக்கொண்டே பேசினார்.

"தலையில விழுந்தா சாவு, தோள்ல விழுந்தா வெற்றி. விரல்ல விழுந்தா என்னன்னு காலண்டருக்குப் பின்னாடி போட்டுருப்பான், பாத்து வையி."

ட்சு ட்சு ட்சு.

முடிய இன்னும்: 72 மணி.

திரை அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இருந்தும், "எத்தனை காட்டுது தாயி? சத்தமாச் சொல்லு" என்றார்.

"ஏழாயிரம்ணே" என்றேன்.

"ஏழாயிரமா? கனகவேலு பய என்னத்தக் காட்டினான்?"

"அவருக்கு ஒம்பதாயிரம்."

"பாத்தியா, அவன் நேத்து வந்த பய, அவனுக்குக் கூட. இந்தப் பல்லிக்கும் சீனியாரிட்டி தெரியல."

சிரித்தார். நானும் சிரித்தேன். எழுபத்திரண்டு என்றால் எட்டு மணி நேர ஷிப்டாக ஒன்பது நாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் விரலுக்கு என்ன பலன் என்று போடவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

தவறு: நான்கு நாளாக நாட்குறிப்பு எழுதவில்லை. எண்களை மட்டும் குறித்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. இது ஒழுங்கான காரணம் இல்லை.

சனிக்கிழமை மாலை எனக்கு 4,920. அண்ணனுக்கு 48. ஞாயிறு விடுமுறை. இன்று காலை எனக்கு 4,920, அண்ணனுக்கு 48. ஞாயிற்றுக்கிழமையைப் பல்லி எண்ணவில்லை. அது எண்ணுவது நாங்கள் ஆலையில் வேலை செய்யும் நேரத்தை.

மதியம் நோட்டை எடுத்துக்கொண்டு ஜெபசிங் சாரிடம் போனேன். அவர் எங்கள் மேற்பார்வையாளர். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். நான் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா செண்பகம், இது எண்ணெய்க்கு வாங்குன மிஷினு. சோறு வெந்துருக்கான்னு பாக்குற கரண்டிய நாக்குல வெச்சுக்கிட்டு சுடுதுங்குற."

"சார், எண் தாறுமாறா இல்ல சார். எட்டு எட்டாக் குறையுது."

"குறைஞ்சா?"

"பேச்சிமுத்து அண்ணனுக்கு இன்னும் ஆறு ஷிப்டு சார். அதுக்கப்புறம் என்னன்னு தெரியல. அவரை அந்த ரூம்ல இருந்து மாத்துங்க. இல்லேன்னா அந்த மின்விசிறியாவது போடுங்க."

"மின்விசிறிக்கு நாலு தடவ எழுதியாச்சு. அவரை மாத்துனா அந்தக் கலவைய யாரு போடுவா? நீ போடுவியா?"

எனக்கு அந்த வேலை தெரியாது.

"இந்த விரல் விளையாட்ட இன்னியோட நிறுத்து. நோட்ட யாருக்கும் காட்டாத."

சரி என்று திரும்பினேன். கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டார். மேசைக்குக் கீழிருந்து கையை எடுத்து நீட்டினார்.

"ஒரு தடவ. சும்மா."

21,000 என்று காட்டியது. சொன்னேன். அவர் பெரிதாக மூச்சு விட்டார். விட்ட பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளைய வேலை: கருவியின் பின்பக்கத்தில் இருக்கும் உதவி எண்ணுக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவது.

பிப்ரவரி 14, செவ்வாய்

தவறு: போனில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு போயும், மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டுவிட்டேன்.

கருவிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பிரிவில் வைதேகி என்று ஒருவர் எடுத்தார். எங்கள் கம்பெனியின் எல்லா ஆலைகளின் கருவிகளும் தாம் படித்ததை அங்கே அனுப்பும். அங்கிருந்து திருத்திய கணக்கு திரும்பி வரும்.

"வெறும் விரலை வெச்சா எண் வருது மேடம். அது எது முடியறதைச் சொல்லுது?"

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எத்தனை வந்துச்சு?"

"எனக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஒருத்தருக்கு நாப்பது."

"ஒரு நிமிஷம் இருங்க. கதவைச் சாத்திட்டு வரேன்."

வந்து மெதுவாகப் பேசினார்.

"அந்தக் கவ்வி உங்க ஆலையில மட்டும் உடையல. அறுபத்து மூணு ஆலையிலயும் உடையுது. எல்லாரும் விரலாலதான் பிடிக்கறாங்க. அப்ப எண்ணெயைச் சரியாச் சொல்லணும்னா, அது விரலைக் கழிச்சாகணும். கழிக்கணும்னா முதல்ல விரல்னா என்னன்னு தெரியணும். ரெண்டு வருஷமா விரல்களைப் படிச்சுக்கிட்டே இருக்கு."

"முடியறதுன்னா?"

"எண்ணெய்க்கு முடிவு எதுன்னு நாங்க சொல்லிக் கொடுத்தோம். விரலுக்கு யாரும் சொல்லல. அதுவா ஒண்ணை வெச்சுக்கிச்சு. ஒரு விரல் தினமும் வருது. வந்துக்கிட்டே இருக்கு. ஒரு நாள்லேர்ந்து வரல. அந்தக் கடைசி நாள்தான் அதுக்கு முடிவு."

"வராம போனவங்களுக்கு என்ன ஆச்சு மேடம்?"

"அது அதுக்குத் தெரியாது. உடம்பு கெட்டுப் போயிருக்கலாம். கண்ணு கெட்டிருக்கலாம், மெத்தனால் அப்படித்தான் பண்ணும். மேனேஜர்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனவங்களும் அதுல இருக்காங்க. எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். போறதுக்கு முன்னாடி அந்த விரல்ல ரத்தம் எப்படி ஓடுச்சு, தோல் எப்படி வேர்த்துச்சு, அது மட்டும்தான் அதுக்குத் தெரியும். போறவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி சில சமயம் அதுக்குத் தெரிஞ்சுடுது."

"அப்படி எத்தனை பேர்?"

"நானூத்துப் பதினொண்ணு."

நான் நோட்டில் எழுதினேன். சரியாக எழுதினேனா என்று மறுபடி கேட்டேன். ஆமாம் என்றார்.

"எண் தப்பாப் போனது உண்டா மேடம்?"

"யாராவது முன்னாடியே விலகினா தப்பாகும். ஆனா யாரும் விலகல. யாருக்கும் எண்ணைச் சொல்லலையே." பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "இதை மேல எழுதி அனுப்பறதா வேண்டாமான்னு நாலு மாசமா யோசிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப நீங்க பேசினது பதிவாகியிருக்கும். இனி அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்புங்க மேடம். நல்லதுதானே" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

நாளைய வேலை: பேச்சிமுத்து அண்ணனின் கண்ணைச் சோதிக்க வைப்பது. எப்படி என்று தெரியவில்லை. கௌசரிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 15, புதன்

தவறு: அண்ணனை ஏமாற்றி அழைத்துப் போனேன்.

கௌசர் என்னோடு மாலை வகுப்பில் படிக்கிறாள். பகலில் கோவில்பட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "எனக்குக் கண்ணாடி எடுக்கணும், துணைக்கு வாங்கண்ணே" என்றதும் அண்ணன் என்னோடு பேருந்தில் வந்தார். பொங்கலுக்கு முன்பிருந்தே அவர் வண்டி ஓட்டுவதில்லை. பெட்ரோல் விலை என்று சொல்வார்.

கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் பலகையைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "ப... ட... ம... க... ர..." அவர் போனதும் கௌசர் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்களும் உக்காருங்கண்ணே, சும்மாதானே நிக்கீங்க. இன்னிக்கு ஃப்ரீ."

"எனக்கெதுக்கு பாப்பா? ஒரு கூலிங் கிளாஸ் வேணா குடு, உங்க மதினி பாத்து மயங்குறாளான்னு பாப்போம்."

"கூலிங் கிளாஸுக்கும் டெஸ்ட் உண்டுண்ணே."

உட்கார்ந்தார். விளக்கைப் போட்டாள்.

"ப, ட, ம, க, ர" என்று கடகடவென்று சொன்னார். "போதுமா?"

கௌசர் என்னைப் பார்த்தாள். போய்ப் பலகையை மறுபக்கம் திருப்பினாள். அதில் வேறு எழுத்துகள். திரும்பி வந்து, "இன்னொரு தடவைண்ணே" என்றாள்.

"ப, ட, ம, க, ர."

சாலையில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. நாங்கள் ஏன் பேசவில்லை என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"திருப்பிட்டியா பாப்பா?" என்றார்.

"ஆமாண்ணே."

"எப்படி இருக்குண்ணே உங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"பனி. மார்கழிக் காலையில சாலையில நிக்கும்லா, அது மாதிரி. பொங்கலுக்கு முன்னாடி ஓரத்துல இருந்துச்சு. இப்ப நடுவுக்கு வந்துருச்சு. பகல்லயும் போக மாட்டேங்குது."

"அப்புறம் எப்படி அந்த ரூம்ல வேலை பாக்குறீங்க?"

"எண்ணி வெச்சிருக்கேன். கதவுல இருந்து வால்வுக்குப் பதினோரு எட்டு. வால்வு மூணே கால் சுத்து. கேஜு மட்டுந்தான் கஷ்டம்." நிறுத்தினார். "அதுக்குத்தான் நீ வருவேல்லா."

நான் இரண்டு மாதமாகத் தினமும் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது சொல்லிவிட்டுப் போன எண்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. விளையாட்டு என்று நினைத்தேன். நான்தான் அவர் கண்ணாக இருந்திருக்கிறேன். அதாவது, அவரை அந்த அறைக்குள் நிற்க வைத்திருந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

"மேல சொல்லிராத தாயி. சொன்னா நாளைக்கே வேற ஆளு. எனக்கு வேற வேலை தெரியாது. குருட்டுப் பயல எவன் எடுப்பான்?"

"நாளைக்கு லீவு போட்டு மதுரைக்குப் போங்கண்ணே. கண் ஆஸ்பத்திரிக்கு" என்றாள் கௌசர். "இப்பமே நிறுத்துனா இருக்கிறதாவது நிக்கும்."

பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற அந்தச் சொல்லை அவரே திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இன்று மாலை அளவு: 24.

பிப்ரவரி 16, வியாழன்

தவறு: இன்று செய்தது தவறா என்று தெரியவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். காலையில் அறைக்குள்ளிருந்து அதே குரல்.

"எத்தனை காட்டுது தாயி?"

நான் கதவருகே நின்றேன். கேஜ் ஐந்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆறுக்கு மேல் போனால் வால்வைக் குறைக்க வேண்டும்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே."

"வெளையாடாத. சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

அவர் பதினோரு எட்டு நடந்து வால்வுக்கு மேலிருந்த கேஜிடம் போனார். முகத்தை மிக அருகில் கொண்டுபோனார். பிறகு விரலால் அந்தக் கண்ணாடியைத் தடவினார், உள்ளே முள் தட்டுப்படும் என்பது போல. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே ஓடிப் போய் நானே வால்வைக் குறைத்தேன். கண் எரிந்தது. இனிப்பு போல ஒரு வாடை.

வெளியே கூட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கு ஏழாயிரம் காட்டலண்ணே. எழுபத்திரண்டுதான் காட்டுச்சு."

"பொய்யா சொன்ன?"

"ஆமாண்ணே."

"நானும் உன்கிட்ட ரெண்டு மாசமா பொய்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். விடு." சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்தார், அந்த இடத்தில் பற்ற வைக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து திரும்ப வைத்தார். "இன்னிக்கு எத்தனை? இப்பமாவது நெசத்தச் சொல்லு."

"சாயங்காலம் பதினாறு ஆயிரும்."

"பதினாறுன்னா ரெண்டு நாளு. அதுக்கப்புறம்?"

"பல்லிக்குத் தெரியாதுண்ணே. நீங்க வர மாட்டீங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

கீழே கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து ஒடித்தார்.

"அப்ப, நானா வராம இருந்தா?"

"அப்ப அது சொன்னது தப்பாப் போயிரும்ணே."

"பல்லி சொன்னதத் தப்பாக்குனவன்னு பேரு வாங்குவோமா?" என்றார். சிரித்தார். இந்த முறை அது வேறு சிரிப்பு.

பிப்ரவரி 17, வெள்ளி

தவறு: காலையில் அளவு எடுக்க மறந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவர் மனைவி மாரிக்கனி மதினி போன் செய்தார். பின்னால் பேருந்துச் சத்தம்.

"திருமங்கலம் தாண்டிட்டோம்மா. அவரு பக்கத்துலதான் உக்காந்துருக்காரு. உன்கிட்ட என்னமோ கேக்கணுமாம்."

"தாயி, எத்தனைல நிக்குது?"

"பதினாறுண்ணே."

"நிக்கட்டும்" என்றார்.

மதியம் வரை கலவையை ஜெபசிங் சாரே போட்டார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து நின்றார். அவரை அந்த அறைப் பக்கம் நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 20, திங்கள்

தவறு: செவ்வாய்க்கிழமை வைதேகி மேடத்திடம் "அனுப்புங்க, நல்லதுதானே" என்று சொன்னது.

முதலில் நல்ல செய்தி. போனது போனதுதான், இருக்கும் பார்வை நிற்கும் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஷிப்டு தாமதமாகி இருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம், மதினி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை மாலை அண்ணனின் எண் பூஜ்யமாகி இருக்க வேண்டும். நோட்டில் 16 என்றே நிற்கிறது. பல்லியின் பிழை: 16 மணி. அது தவறியதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து பார்சல் வந்தது. நூறு புதுக் கவ்விகள். கருவிக்குப் புதுக் கணக்கும் வந்து இறங்கியிருந்தது. திறந்ததும் ஒரு கேள்வி கேட்கிறது. இதற்கு முன் கேட்டதில்லை.

எண்ணெய் / ஆள்.

ஜெபசிங் சார் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மெத்தனால் அறைக்குப் புது ஆள் எடுக்க வேண்டும். வருகிறவர்களின் விரலை அளந்து, ஆறாயிரம் மணிக்குக் குறைந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். எடுக்கப்பட்டவரை மாதம் ஒருமுறை அளந்து, இருநூறுக்குக் கீழே வந்ததும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும். எண்ணைச் சம்பந்தப்பட்டவரிடம் எக்காரணத்தைக் கொண்டும் தெரிவிக்கக் கூடாது. அறுபத்து மூன்று ஆலைகளுக்கும் இதே தாள்.

"மின்விசிறி சார்?"

"அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல."

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன்மா. மின்விசிறி எதுக்கு, இப்பதான் ஆளப் பாத்து எடுக்கப் போறோமேன்னு கேக்குறாங்க." தாளை மடித்தார். "நாளைக்குக் காலையில வரச் சொல்லிருக்கு. பதினோரு பேரு. உனக்குத்தான் அளக்கத் தெரியும். நீதான் நிக்கணும். சொல்லக் கூடாதுன்னு போட்டுருக்கு, பாத்துக்க."

"சரி சார்" என்றேன்.

நாலு மணிக்குப் பதினோரு பேரின் பெயர்களையும் நோட்டில் வரிசையாக எழுதினேன். நாலாட்டின்புதூரிலிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் சுற்றுப்பக்கம். ஒருவருக்கு வயது பத்தொன்பது. பெயர்களுக்கு எதிரே எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே நாளை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கருவியைப் பெட்டியில் வைக்கும் முன், தினமும் செய்வது போல 'ஆள்' என்பதைத் தேர்ந்து என் விரலை அளந்தேன். கணக்குப்படி 4,864 வர வேண்டும்.

ட்சு ட்சு ட்சு.

முடிய இன்னும்: 8 மணி.

கையைக் கழுவி மறுபடி எடுத்தேன். 8. இடது கை விரல். 8. சங்கிலியைக் கூப்பிட்டு அவர் விரலை வைத்தேன். அவருக்கு எப்போதும் போலக் கோடு. கருவி சரியாகத்தான் இருக்கிறது. எட்டு என்றால் நாளைய ஒரு ஷிப்டு.

வியாழக்கிழமை அந்த அறைக்குள் ஓடியதனாலா, நாலு மணிக்கு நான் முடிவு செய்ததனாலா, காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

நாளைய வேலை: காலை 7.30, வாசல். பதினோரு பேர். ஒவ்வொருவர் விரலையும் மூன்று முறை அளந்து, வந்த எண்ணையும் அது எதற்கான எண் என்பதையும் அவரவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.